இன்னும் பொறுக்கிறேன்

தராசுக்காரரை ஏமாற்றிவிட்டேன் என்று மார்தட்டிக்கொள்ள அந்த ஊரில் ஒரு கடைக்காரர்கூடக் கிடையாது. முப்பத்தோரு வருஷமாகக் கடை கடையாக ஏறி இறங்கி எடை இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவர் அவர். எந்தக் கடையில் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியிருக்கிறது, எந்தக் கடை இயந்திரம் பூஜ்யத்தை விட்டுவிட்டு நாற்பது கிராமிலிருந்து எண்ணத் தொடங்கும், எந்தக் கடைக்காரர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே சுண்டுவிரலால் தட்டை அழுத்துவார், எல்லாம் அவருக்கு அத்துப்படி. இத்தனையையும் கண்ணால் பார்த்த மனிதர் ஒரு கடைக்குள் போய், சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருவாரா? காதில் பூச்சுற்ற வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுவார்.

தொழில் அவருக்கு ஒரு விஷயத்தைக் கற்றுக்கொடுத்திருந்தது. எண் தானாகப் பொய் சொல்லாது, பக்கத்தில் ஒரு கை இருந்தால்தான் சொல்லும். செல்பேசியிலேயே பொருள் வாங்கும் வசதி வந்தபோது அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதற்கு இதுதான் காரணம். அங்கே திரை இருக்கிறது, எண் இருக்கிறது, கை மட்டும் இல்லை. கடைசியில் யோக்கியமான ஒரு கடை வந்துவிட்டது என்று மனிதர் உருகிப்போனார்.

அதன் பிறகு வீட்டுக்குள் அட்டைப்பெட்டிகள் வந்து குவிந்தன. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஐந்து குடைகள். செருப்பு ஒரு அளவு சின்னது, ஆனால் நூற்றுக்கு அறுபது குறைவு. கால் பழகிவிடும் என்றார். சுவர்க்கடிகாரம் ஒன்று பின்னோக்கி ஓடியது. அதை அவர் திருப்பி அனுப்பவில்லை, ஏனென்றால் அந்த விலைக்கு இனிமேல் கிடைக்காது.

அவர் மனைவிக்கு ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை. கைக்குழந்தைகள் அறை அந்த அம்மாளின் பொறுப்பு. எட்டுக் கட்டில், எட்டுக் குழந்தை. பால்புட்டிகளைக் கழுவியபடி, திரும்பிப் பார்க்காமலேயே, எது பசிக்கு அழுகிறது, எது ஈரத்துக்கு அழுகிறது, எது சும்மா ஆள் தேடி அழுகிறது என்று சொல்லிவிடுவார். தம்பதிக்குப் பிள்ளை இல்லை. அந்த எட்டுப் பேரைப் பற்றித்தான் தினமும் சாயங்காலம் வீட்டில் பேச்சு.

ஒரு நாள் அம்மாள் குழாயைத் திறந்துவிட்டார், தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கவில்லை. தண்ணீர் வாசல்வரை வந்தது. இன்னொரு நாள் கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்து, தராசுக்காரர் ஜன்னல் வழியாகத் துண்டை வீசிக் கூப்பிட வேண்டியதாயிற்று. அப்புறம்தான் காது பரிசோதகரிடம் போனார்கள். சின்ன வயசுப் பெண். கண்ணாடி அறைக்குள் அம்மாளை உட்கார வைத்து, ஒரு மணி நேரம் சோதித்துவிட்டு வெளியே வந்தாள்.

"ரெண்டு காதுலயும் கொறைஞ்சுக்கிட்டே வருதுங்க. காதுல வெக்கிற இந்த மிஷினை இப்பவே மாட்டிட்டா கவலை இல்ல. ஆறு மாசத்துக்கு மேல தள்ளிப்போட்டீங்கன்னா, பேச்சைப் புரிஞ்சுக்கிற பழக்கமே விட்டுப்போயிடும். அப்புறம் சத்தம் கேக்கும், சொல்லு புரியாது."

"எவ்வளவுங்க?"

சொன்னாள். அதிகம்தான். ஆனால் வங்கியில் அதைவிட அதிகமாகவே இருந்தது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவரிடம் பணம் இல்லாமல் இல்லை.

"இங்கயே ஒரு ஜோடி இருக்கு. இன்னைக்கே மாட்டிவிட்டுடறேன்" என்றாள் அந்தப் பெண்.

தராசுக்காரர் சிரித்துக்கொண்டே எழுந்தார். படியில் இறங்கும்போது மனைவியின் காதருகே குனிந்து, "அலமாரியில தயாரா எடுத்து வெச்சிருக்கா, பாத்தியா? அதுலயே தெரியலையா?" என்றார். அம்மாளுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் தலையாட்டினார்.

'மலிவகம்' என்பது செல்பேசிக்குள் இருந்த அந்தக் கடையின் பெயர். அதே மிஷின் அங்கே நூற்றுக்குப் பன்னிரண்டு குறைவாக இருந்தது. தராசுக்காரர் அதைக் கூடையில் போட்டு, 'வாங்கு' என்ற சின்னச் சாம்பல் நிறப் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கையில், அதற்கு மேலே பச்சையாக ஒரு பெரிய பொத்தான் மினுக்கியது. 'இன்னும் பொறுக்கிறேன்' என்று எழுதியிருந்தது. அதன் கீழே ஒரு வரி: 'வாங்குவது உங்கள் உரிமை. ஆனால் இவ்வளவு அவசரம் எதற்கு?'

அழுத்திப் பார்த்தார். திரையில் தங்கக் காசுகள் பொழிந்தன. விலை ஒரு துளி இறங்கியது. பக்கத்தில் கை இல்லாமலேயே எண் இறங்குவதை முப்பத்தோரு வருஷத்தில் முதல்முறையாகப் பார்த்தார். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

திட்டத்தின் பெயர் பொறுமைத் தள்ளுபடி. விதிமுறை முப்பத்தாறு பக்கம். சுருக்கமாகச் சொன்னால், கூடையில் போட்ட பொருளை வாங்கக் கூடாது. காலை ஆறிலிருந்து ஏழுக்குள் ஒரு தடவை, மாலை ஆறிலிருந்து ஏழுக்குள் ஒரு தடவை, பச்சைப் பொத்தானை அழுத்தித் தன் பொறுமையை நிரூபிக்க வேண்டும். அழுத்த அழுத்த விலை குறையும். ஒரு வேளை தவறினால் ஏறிய படியெல்லாம் சறுக்கும். படிகள் நான்கு. முதலில் தளிர், பிறகு செடி, பிறகு மரம், உச்சியில் தோப்பு. தோப்பு ஆனவர்களுக்கு நூற்றுக்கு எழுபத்தொன்று தள்ளுபடி. எவ்வளவு நாளில் தோப்பு ஆகலாம் என்பது முப்பத்தாறு பக்கத்தில் எங்கேயும் இல்லை. அதைக் கேட்பதே பொறுமையின்மை என்று ஏழாம் பக்கத்தில் இருந்தது.

"இன்னைக்குப் பதிமூணு!" என்று வீட்டுக்குள் நுழையும்போதே கத்துவார். அம்மாளுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகக் கத்தினார். தெரு முழுக்கக் கேட்டது. "பதினாலரை! சக்கரம் சுத்திவிட்டேன், அதுல ஒரு அரை விழுந்துச்சு!"

"அதுக்குள்ள என்னங்க அவசரம், மெதுவா வரட்டும்" என்று அம்மாள் சொல்லுவார். அப்போதெல்லாம் அவருக்குப் பாதிக்கு மேல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. காப்பகத்தில் புதிதாக வந்த குழந்தை ஒன்று தூக்கத்தில் சிரிக்கிறது என்று சொல்ல வாயெடுப்பார். அதற்குள் மணி ஆறாகிவிடும். தராசுக்காரர் செல்பேசியோடு ஜன்னலோரம் போய்விடுவார்.

மளிகைக் கடையில் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டிருக்கும்போது ஆறு மணி அடித்தால் திருப்புளியைப் பல்லில் கடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். இரும்புக்கடைப் பரணில் ஏணியில் தொங்கியபடி அழுத்தினார். செடி ஆனார். மலிவகத்திலிருந்து வாழ்த்துச் செய்தி வந்தது: 'உங்களைப் பார்த்து உங்கள் குடும்பமே பொறுமை கற்றுக்கொண்டிருக்கும்.' அது உண்மைதான்.

எண்பத்தோராவது நாள் காப்பகத்தில் அது நடந்தது. அம்மாள் முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு குழந்தையின் கால் கட்டில் கம்பிக்குள் மாட்டிக்கொண்டது. அது வீறிட்டு அழுதது. எவ்வளவு நேரம் அழுதது என்று தெரியாது. மூன்று அறை தாண்டி மேற்பார்வையாளர் ஓடிவந்து கதவைத் திறந்தபோது அம்மாள் மடித்த துணிகளை அழகாக அடுக்கிக்கொண்டிருந்தார். குழந்தையின் கணுக்கால் நீலம் பூத்திருந்தது.

மேற்பார்வையாளர் கெட்ட மனுஷி இல்லை. திட்டவில்லை. "துணி வெளுக்கிற அறைக்கு மாத்திடறேன்மா. அங்க காது கேக்கணும்னு ஒண்ணும் இல்ல பாருங்க" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார்.

அம்மாள் இதை வீட்டில் வேடிக்கை போலத்தான் சொல்ல ஆரம்பித்தார். "அடுக்கிக்கிட்டு இருக்கேங்க நான், அது பாட்டுக்கு…" என்று சிரித்தவர், சொல்லி முடிக்கவில்லை. கணுக்கால் நீலமாக இருந்ததைச் சொல்லும்போது முகத்தைத் துணியால் மூடிக்கொண்டார்.

போதும், இப்போதே வாங்கிவிடுவது என்று தராசுக்காரர் செல்பேசியை எடுத்தார். பார்த்தால் விலை எகிறிக் கிடந்தது, பரிசோதகர் சொன்னதைவிட நூற்றுக்கு நாற்பது அதிகம். போனால் போகிறது என்று சாம்பல் பொத்தானை அழுத்தினார். 'நீங்கள் செடி நிலையில் இருக்கிறீர்கள். பாதிப் பொறுமையில் வாங்க விரும்புவோர் நேரில் வந்து அவசர விண்ணப்பம் தர வேண்டும்' என்று வந்தது.

பேசாமல் அந்தப் பெண்ணிடமே போய் வாங்கிவிடலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பாதித் தெரு கடந்திருப்பார். செல்பேசி நடுங்கியது: 'நீங்கள் ஒரு கடையை நெருங்குகிறீர்கள். உங்கள் எண்பத்தொரு நாள் பொறுமை அழிந்துவிடும். திரும்பிவிடுங்கள், உங்கள் நன்மைக்காகச் சொல்கிறோம்.' தராசுக்காரர் நடுத்தெருவில் நின்றார். எண்பத்தொரு நாள், நூற்று அறுபத்திரண்டு அழுத்தல். பரிசோதகரின் அறை ஜன்னல் அங்கிருந்தே தெரிந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் திரும்பி வீட்டுக்கு நடந்தார். அதை அவர் பிற்பாடு பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் மலிவகத்தின் பொறுமை மையத்துக்குப் போனார். பெரிய கூடம். நல்ல நாற்காலிகள். சுவரில் கடிகாரம் மட்டும் இல்லை. டோக்கன் வாங்குவதற்கு ஒரு டோக்கன் கொடுத்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டிக்காகப் பொறுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மரம் நிலை. "இன்னும் கொஞ்சம்தாங்க" என்றார். அந்தக் குழந்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது. வரும்போது நடந்தேதான் வந்ததாம்.

மூன்று மணி நேரம் கழித்துப் பொறுமை வழிகாட்டி ஒருவர் கூப்பிட்டார். மொழுமொழுவென்று, கோபமே அறியாத முகம்.

"விலை ஏறியிருக்குங்களே?" என்றார் தராசுக்காரர்.

"ஆமாங்க. அடுத்த வாரம் பெருந்தள்ளுபடி வாரம் வருதில்ல? அதுக்குத்தான்."

"தள்ளுபடின்னா கொறையணும்ல?"

"கொறையும். ஏத்தாம எப்படிங்க கொறைக்கிறது?" வழிகாட்டி நிஜமாகவே புரியாமல் கேட்டார். "மாடியில நிக்கிறவருதானே இறங்க முடியும்? தரையில நிக்கிறவரை எறங்குன்னா எங்க எறங்குவாரு?"

தராசுக்காரர் மனைவியின் காதைப் பற்றிச் சொன்னார். காப்பகத்தைச் சொன்னார். நீலக் கணுக்காலையும் சொன்னார். வழிகாட்டி ஆறுதலாகத் தலையசைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"ஐயா, அவசரம்னு இங்க வராத ஆளே கிடையாது. ஆனா பாருங்க, எல்லாரும் உக்காந்துதானே இருக்காங்க? நிஜமாவே அவசரம்னா எதிர்க் கடையில வாங்கிட்டுப் போயிருப்பாங்க, எங்ககிட்ட ஏன் வரப்போறாங்க? அதனால இங்க வர்ற யாருக்கும் அவசரம் இல்லைங்கிறதுதான் நாங்க ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சது."

அந்த மனிதர் சொன்னதில் பிழை எங்கே இருக்கிறது என்று தராசுக்காரர் தேடினார். அகப்படவில்லை.

"இருந்தாலும் விண்ணப்பம் குடுங்க" என்றார் வழிகாட்டி பெருந்தன்மையாக. "காது கேக்கலைங்கிறதை நாங்க சரிபார்க்கணும். வீட்டம்மாவுக்குப் போன் பண்ணுவோம்."

"போனா?"

"ஆமா. எடுத்துப் பேசிட்டாங்கன்னா கேக்குதுன்னு அர்த்தம். எடுக்கலைன்னா விண்ணப்பதாரர் தொடர்புல இல்லைன்னு கோப்பை மூடிடுவோம்."

"அப்ப கேக்கலைன்னு எப்படித்தான் நிரூபிக்கிறது?"

"அது இதுவரைக்கும் யாரும் பண்ணதில்லைங்க" என்றார் வழிகாட்டி. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமிதம்கூடத் தெரிந்தது.

நாற்பத்தைந்து நாள் கழித்துத் தொலைபேசி வந்தது. எடுக்காவிட்டால் கோப்பு மூடப்படும் என்ற பயத்தில் தராசுக்காரர் ஓடிப்போய் அதை மனைவியின் காதில் வைத்தார். அந்தப் பக்கம் யாரோ ஏதோ கேட்டார்கள். அம்மாள் மரியாதையான மனுஷி. யாராவது பேசினால் பதில் சொல்லாமல் இருப்பது தப்பு என்று நினைப்பவர். "நல்லா இருக்கோங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆமாங்க, இங்கயும் வெயில்தான்" என்றார். 'உரையாடல் திருப்திகரமாக நடந்தது. விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படுகிறது' என்று மறுநாள் செய்தி வந்தது. மலிவகத்தில் அவருக்கு முழுசாகக் கிடைத்த முதல் தள்ளுபடி அதுதான்.

பரிசோதகர் சொன்ன ஆறு மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முடிந்தது. விற்கிறவர் சொல்லும் கெடுவில் பாதி பொய்யாகத்தான் இருக்கும் என்று தராசுக்காரர் தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். அன்று மாலையும் அழுத்தினார். அப்போது மரம் ஆகியிருந்தார். நூற்றுக்கு நாற்பத்தாறு. இத்தனை தூரம் வந்துவிட்டு இறங்கினால் பட்டதெல்லாம் வீண் என்று தோன்றியது. அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்தப் பச்சைப் பொத்தானைச் செய்தவர்கள் இந்த எண்ணத்தைத்தான் செய்தார்கள், பொத்தான் சும்மா அதன் மூடி.

எட்டாவது மாதம் லாரி எடைமேடை ஒன்றில் வேலை. மேடைக்கு அடியில் ஆள் உயரத்துக்குக் குழி. அதற்குள் இறங்கி எடையை அளக்கும் உணரிகளைத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தவர், ஐந்தரைக்கே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். ஆறு மணிக்குச் செல்பேசியை எடுத்தால் குழிக்குள் சிக்னல் இல்லை. ஏறலாம் என்றால் மேடைமேல் லாரி நிற்கிறது, குழியின் வாய் அடைந்துகிடக்கிறது. ஓட்டுநர் எங்கோ போயிருந்தார். "ஐயா! வண்டியை எடுங்க ஐயா!" என்று உள்ளேயிருந்து இரும்பைத் தட்டித் தட்டிக் கத்தினார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் அப்படிக் கத்தியதில்லை. மேலே வந்தபோது ஏழு மணி நான்கு நிமிஷம். மீண்டும் தளிர்.

மலிவகம் இரக்கமில்லாத நிறுவனம் அல்ல. சறுக்கியவர்களுக்கு ஒரு பரிகாரம் வைத்திருந்தது. புதிதாக ஏழு பேரைப் பொறுமையில் சேர்த்துவிட்டால் இழந்த படி திரும்பக் கிடைக்கும். தராசுக்காரர் தெருவில் வீடு வீடாக ஏறினார். ஐந்து கடைக்காரர்களையும் ஒரு வாத்தியாரையும் சேர்த்தார். ஏழாவதாகப் பக்கத்து வீட்டு டெய்லரைச் சேர்த்தார். டெய்லருக்கு வேண்டியிருந்தது முழங்காலுக்குப் போடும் பட்டை. அன்றிலிருந்து அவரும் நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்து, காலையும் மாலையும் தராசுக்காரரோடு சேர்ந்து அழுத்தினார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை.

பத்தாவது மாதம் அம்மாள் வேலையை விட்டுவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. வெளுக்கிற அறை வாசலில், நடக்கப் பழகிய குழந்தைகள் வந்து நின்று எதையோ சொல்லுமாம். பதில் வராததால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விடுமாம். "அதுங்க என்ன கேட்டுச்சுன்னே தெரியாம அனுப்புறது பாவமா இருக்குங்க" என்றார். அதன் பிறகு சாயங்காலங்களில் வீட்டில் குழந்தைகளைப் பற்றிய பேச்சு நின்றுபோயிற்று. "அறுபத்தி ரெண்டு!" என்ற குரல் மட்டும் தெருவுக்குக் கேட்டது. அம்மாள் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவர் வந்துவிட்டார் என்பதே நிழல் விழுந்தால்தான் தெரியும்.

பதினான்காவது மாதம் தராசுக்காரர் தோப்பு ஆனார். அந்த வட்டாரத்திலேயே தோப்பு ஆன முதல் மனிதர் அவர்தானாம். பாராட்டு விழா வைத்தார்கள். அம்மாள் பெட்டியில் மடித்து வைத்திருந்த நல்ல துணியை உடுத்தி முன்வரிசையில் உட்கார்ந்தார். மலிவகத்தின் தலைவர் மேடையேறினார்.

"பொறுமைசாலிகளே! கடை என்றால் விற்பது என்று நம் முன்னோர் நினைத்தார்கள். அது அறியாமை. ஒரு பொருளை விற்றுவிட்டால் அந்த வாடிக்கையாளரை அன்றைக்கே இழக்கிறோம். விற்காமல் வைத்திருந்தால், அவர் தினமும் இருமுறை நம் முகத்தில் விழிக்கிறார். கடந்த ஆண்டு நாம் அறிவித்த தள்ளுபடியின் அளவு வரலாறு காணாதது! அதில் ஏறத்தாழ எதையுமே யாரும் இன்னும் பெறவில்லை என்பது அதைவிடப் பெருமைக்குரியது! சிலர் கேட்கிறார்கள், மக்களுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று. நாங்கள் அவர்களிடமிருந்து ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொண்டோம், நேரத்தை. அதற்கு விலை போட்டு யாராவது நம்மிடம் கேட்டதுண்டா?"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அம்மாள் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லோரும் தட்டுவதைக் கண்டு, தானும் தட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் தட்டிக்கொண்டிருந்தார். தராசுக்காரர் மேடையிலிருந்து அதைப் பார்த்தார். கழுத்தில் போட்ட பட்டுத்துண்டு அவருக்குக் கனத்தது.

கீழே இறங்கி வந்ததும், "எதுக்குங்க இவ்வளவு கைதட்டுனாங்க?" என்று அம்மாள் கேட்டார். தராசுக்காரர் தன் காதைத் தொட்டுக் காட்டி, கையால் பெட்டி போலக் காட்டினார். அம்மாளின் முகம் மலர்ந்தது. அத்தனை பேர் நடுவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மிஷின் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மறுபடி அதே படி ஏறினார்கள். அந்தப் பெண் எதுவும் கேட்காமல் இரண்டு காதிலும் மாட்டி, கணினியில் இணைத்து, அளவு வைத்தாள். பிறகு ஒரு அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். வீடு. பால். கதவு. குழந்தை.

அம்மாள் முன்னால் குனிந்து கூர்ந்து கேட்டார். "சத்தம் வருதும்மா. நல்லாவே வருது" என்றார். "மழை பெய்யற மாதிரி இருக்கு. பேச்சுத்தான் வரலை."

மறுபடி சொன்னாள். அளவை மாற்றிச் சொன்னாள். பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். பிறகு அட்டையை மேஜைமேல் வைத்தாள்.

"மிஷின்ல ஏதாவது கோளாறு இருக்குமோ?" என்றார் தராசுக்காரர். "தள்ளுபடியில வாங்கினது பாருங்க. மட்டமா குடுத்திருப்பானோ? வேற மாத்திக்கலாமா?"

"மிஷின் நல்ல மிஷின்ங்க. அன்னைக்கு நான் சொன்ன அதேதான்." அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்க்காமல் பதிவேட்டைப் புரட்டினாள். "பதினாலு மாசம் ஆயிருக்கு." பதிவேட்டை மூடி வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று தராசுக்காரர் நினைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். அம்மாள் மிஷினைக் கழற்றவில்லை. இவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கி வந்ததைக் கழற்றிவைத்தால் மனுஷன் மனசு நோகும் என்று நினைத்தாரோ என்னவோ. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, தெருவின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார். செல்பேசி நடுங்கியது. மலிவகம் ஐந்து நட்சத்திரம் கேட்டது. தராசுக்காரர் அதை அணைத்துவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு மனைவிக்கு எதிரே உட்கார்ந்தார்.

அவருக்கு முகத்தை நிமிர்த்த முடியவில்லை. தரையைப் பார்த்தபடியேதான் பேசினார்.

"அன்னைக்கே வாங்கியிருக்கணும்மா. கையில காசு இருந்துச்சு. அந்தப் பொண்ணு மாட்டிவிடறேன்னு சொன்னா, நான்தான் உன்னை எழுப்பிக் கூட்டிட்டு வந்தேன். பாதித் தெரு போனவன் திரும்பி வந்துட்டேன், அதைக்கூட உங்கிட்ட சொல்லலை. உன் காதை நான்தான் தொலைச்சேன். அந்தக் குழந்தைங்களைப் பத்தி நீ எத்தனை நாள் சொல்ல வந்தே, ஒரு நாளாவது நான் உக்காந்து கேட்டேனா? என்னைத் திட்டும்மா. ரெண்டு வார்த்தை திட்டிடு."

தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

அம்மாள் தன் காதில் விழுந்த அந்த மழைச் சத்தம் நிற்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தார். மனுஷன் ஏதோ நீளமாகச் சொல்லி முடித்திருக்கிறார், பதில் சொல்லாமல் இருந்தால் வருத்தப்படுவார். என்ன சொல்லியிருப்பார்? ஒரு வருஷத்துக்கு மேலாக அவர் வேறு என்ன சொல்லியிருக்கிறார்? குனிந்திருந்த அவர் தலையை அம்மாள் மெல்லத் தடவிக்கொடுத்தார்.

"ரொம்பக் கொறைச்சலாத்தாங்க வாங்கியிருக்கீங்க" என்றார். "வேற யாருக்கும் இந்த விலைக்குக் கெடைச்சிருக்காது."